அசல் லித்தோகிராஃப் என்று விற்கப்பட்ட ஆஃப்செட் நகல் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: 42/150 (150 பிரதிகளில் 42ஆவது) என்று எண்ணிடப்பட்ட அச்சுப் படத்தைத் திரும்பப் பெற்று, முழுத்தொகையைத் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் விற்பனைப் பட்டியலில் “அசல் லித்தோகிராஃப், வரையறுக்கப்பட்ட பதிப்பு, ஓவியரின் பென்சில் கையொப்பத்துடன்” என்று குறிப்பிடப்பட்டிருந்த மேற்கண்ட படத்தை முழுத்தொகையும் செலுத்தி வாங்கினேன். லித்தோகிராஃப் என்பது கல்லிலோ தகட்டிலோ வரைந்து, அதில் மை பூசித் தாளில் அச்சடிக்கும் படம். எனக்கு வந்து சேர்ந்திருப்பது, அந்த ஓவியரின் வண்ண ஓவியம் ஒன்றைப் புகைப்படம் எடுத்து, நான்கு வண்ண ஆஃப்செட் முறையில் (தகட்டின் மை ரப்பர் உருளை வழியே தாளுக்கு மாறும் இயந்திர அச்சில்) அச்சடித்த நகல்.

படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸின் வழியே பார்த்தேன். வெறுங்கண்ணுக்கு ஒரே அடர்நீலமாகத் தெரியும் கீழ்ப்பகுதியில் நீல மை என்று தனியாக எதுவும் இல்லை. சயான் (பச்சைநீலம்), மெஜந்தா (ஊதாச்சிவப்பு), கறுப்புப் புள்ளிகள் ஒழுங்கான இடைவெளியில் சின்னஞ்சிறு வளையங்களாக நிற்கின்றன. கிரேயானால் தீட்டியதுபோல் தோன்றும் கோடுகளும் அதே புள்ளிகளாகத்தான் உடைகின்றன. ஓவியர் கொழுப்புப் பசையுள்ள கிரேயானால் கல்லின்மேல் நேரடியாக வரைந்திருந்தால், கல்லின் சொரசொரப்புக்கு ஏற்ப ஒழுங்கற்ற மணிமணியான தடம் அந்தக் கோடுகளில் இருந்திருக்கும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல்லோ தகடோ பயன்பட்டு, மை புள்ளியாகச் சிதறாமல் தாளில் படிந்திருக்கும். நான் பல ஆண்டுகளாக லித்தோகிராஃப் சேகரிப்பது அந்தத் தடத்துக்காகவே.

இதைத் தெரிவித்தபோது, கையொப்பம் ஓவியருடையதே என்றும், ஆஃப்செட்டும் லித்தோகிராஃபியின் ஒரு வகையே என்றும் தங்கள் பிரதிநிதி பதில் எழுதினார். கையொப்பத்தை நான் சந்தேகிக்கவில்லை. சாய்ந்த வெளிச்சத்தில் பென்சில் கரியின் மினுமினுப்பும் தாளில் அது அழுந்திய பள்ளமும் தெரிகின்றன. கொழுப்பும் நீரும் ஒட்டாத இயல்பைக் கொண்டு ஜெர்மானியரான அலோய்ஸ் செனஃபெல்டர் 1790களின் இறுதியில் உருவாக்கிய முறையிலிருந்தே ஆஃப்செட் வளர்ந்தது என்பதும் உண்மை. ஓவியர் தாமே தகட்டில் வரைந்திருந்தால், ஆஃப்செட் இயந்திரத்தில் அச்சானதையும் தயங்காமல் அசலாகவே ஏற்றுக்கொண்டிருப்பேன். ஆனால் இந்தப் படத்துக்குத் தகடு செய்தது கேமரா. ஓவியரின் கை அதில் படவே இல்லை.

1960ஆம் ஆண்டு வியன்னாவில் கூடிய பன்னாட்டுக் கலைஞர் மாநாடு இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே வகுத்தது: கல்லிலோ தகட்டிலோ மரக்கட்டையிலோ ஓவியர் தாமே வேலை செய்திருந்தால்தான் அது அசல் அச்சு, இல்லையேல் நகல். கையொப்பமும் எண்ணும் அதற்கு மேல் சேர வேண்டியவையே தவிர, அதற்கு ஈடானவை அல்ல. ஸ்பானிய ஓவியர் சால்வதோர் டாலி வெற்றுத் தாள்களில் கையொப்பமிட்டுக் கொடுத்ததால் அவருடைய அச்சுப் படங்களின் சந்தையே நம்பகத்தன்மை இழந்ததை இத்துறையில் உள்ள தாங்கள் அறிந்திருப்பீர்கள்.

படத்துடன் வந்த நம்பகச் சான்றிதழும் குறையுடையது. அச்சிட்ட பட்டறை எது, ஓவியருக்கென ஒதுக்கிய கூடுதல் பிரதிகள் எத்தனை, பதிப்பு முடிந்ததும் தகடு அழிக்கப்பட்டதா என்ற எதுவும் அதில் இல்லை. அமெரிக்க ஓவியர் ஜூன் வேன் 1960இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய டாமரிண்ட் லித்தோகிராஃப் பட்டறையின் பதிப்புகளில் பட்டறையின் முத்திரையும் அச்சுக் கலைஞரின் முத்திரையும் தாளிலேயே பதிந்திருக்கும். இந்தத் தாளில் அத்தகைய முத்திரை எதுவும் இல்லை. கூடுதல் பிரதிகளின் கணக்கு தெரியாத நிலையில், 150 என்பதை எப்படி வரையறை என்று நம்புவது?

எனவே படத்தைத் தங்கள் செலவில் திரும்பப் பெற்று, நான் செலுத்திய முழுத்தொகையையும் 15 நாட்களுக்குள் அளிக்கக் கோருகிறேன். தாங்கள் முன்வந்த பகுதித் தள்ளுபடியை ஏற்க இயலாது. பட்டியலிலும் “கையொப்பமிட்ட ஆஃப்செட் நகல்” என்று திருத்தி, இதே பதிப்பின் பிற பிரதிகளை வாங்கியவர்களுக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இதை நான் வற்புறுத்துகிறேன். அவர்களில் பலர் லென்ஸ் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். உரிய பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன்.

லென்ஸ் வழியே எடுத்த புகைப்படங்களையும், ரசீது, சான்றிதழ் ஆகியவற்றின் படிகளையும் இணைத்துள்ளேன். படம் அமிலமற்ற தாள்களுக்கிடையில், வந்த நிலையிலேயே பாதுகாப்பாக உள்ளது. தங்கள் தரப்பு வல்லுநர் எப்போது வேண்டுமானாலும் பார்வையிடலாம்.

இப்படிக்கு,
42/150 பிரதியை வாங்கிய வாடிக்கையாளர்