உயிர் வேறு, அறிவு வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வேற்றுக்கிரகவாசிகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பால்வெளியில் 10,000 கோடிக்கும் மேல் விண்மீன்கள் உள்ளன, அதனால் நம்மைப்போல் சிந்திக்கும் உயிர்கள் எங்காவது இருந்தே தீரும் என்று கட்டுரையாளர் அடித்துச் சொல்கிறார். விண்மீன் கணக்கில் எனக்குத் தகராறு இல்லை. அங்கிருந்து அறிவுக்குத் தாவியதுதான் இடிக்கிறது.

இந்தத் தாவல் பழையது. 1961-இல் அமெரிக்காவின் கிரீன் பாங்க் வானொலி ஆய்வகத்தில் நடந்த ஒரு கூட்டத்தில், பால்வெளியில் நம்மோடு தொடர்புகொள்ளக்கூடிய நாகரிகங்கள் எத்தனை என்று கணிக்கும் தமது புகழ்பெற்ற சமன்பாட்டை வானியலாளர் பிராங்க் டிரேக் முன்வைத்தார். உயிர் தோன்றிய கிரகங்களில் எத்தனை பங்கில் அறிவு வளரும் என்பது அதில் ஓர் உறுப்பு. அதற்கு அன்று போட்ட மதிப்பு 1. அதாவது, உயிர் முளைத்துவிட்டால் அறிவும் நிச்சயம்! டால்பின் ஆராய்ச்சியாளர் ஜான் லில்லியும் அங்கே இருந்தார். டால்பின்களின் அறிவு பற்றிய அவர் பேச்சில் சொக்கிப்போய், வந்தவர்கள் தங்களுக்கு டால்பின் பெயரிலேயே ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள்.

பூமியின் கதை அந்த 1-ஐ ஆதரிக்கவில்லை. மேற்கு ஆஸ்திரேலியப் பாறைகளில் சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய நுண்ணுயிர்த் தடயங்கள் உள்ளன. அதன்பின் கிட்டத்தட்ட 300 கோடி ஆண்டுகள் விலங்கென்று ஒன்று கிடையாது. ஒரு செல்லுக்குள் ஒரு பாக்டீரியா குடியேறி, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவாக மாறிய அபூர்வக் கூட்டணியின் வாரிசுகள்தாம் இன்றுள்ள விலங்கு, தாவரம், பூஞ்சை எல்லாம். பிறகு டைனோசர்கள் 16 கோடி ஆண்டுகள் கோலோச்சின. ஒரு கல்லைக்கூடத் தீட்டவில்லை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அவற்றை அழித்த விண்கல் பூமியில் மோதாமல் போயிருந்தால், இந்தக் கடிதத்தை எழுத ஆளிருந்திருக்குமா என்பதே சந்தேகம்.

புத்திசாலித்தனம் மனிதனோடு நின்றுவிட்டதா என்றால், அதுவும் இல்லை. பேய்க்கணவாய் எனப்படும் ஆக்டோபஸைப் பாருங்கள். நம் மரபிலிருந்து 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்த உயிர். சுமார் 50 கோடி நரம்புசெல்கள், அவற்றில் பெரும்பகுதி கைகளில்! இந்தோனேசியக் கடலில் ஒருவகை ஆக்டோபஸ் கொட்டாங்குச்சியின் இரு பாதிகளைத் தூக்கிச் சென்று, ஆபத்து வந்தால் அவற்றை மூடிக்கொண்டு உள்ளே பதுங்குகிறது. ஆனால் ஆயுள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகள். தாய் உண்ணாமல் முட்டைகளைக் காத்து, அவை பொரியும் தறுவாயில் இறந்துபோகிறது. கற்றதைக் குஞ்சுக்குக் கற்றுத்தர ஆளில்லை. தண்ணீருக்குள் தீ மூட்ட வழியில்லை. தீ இல்லாமல் உலோகம் ஏது? டால்பினுக்கோ கையே இல்லை. மூளை பல முறை வளர்ந்திருக்கிறது. அதோடு கை, தீ, மொழி, நீண்ட குழந்தைப் பருவம் எல்லாம் ஒரே இனத்தில் கூடியது ஒரே ஒரு கிளையில்தான். அந்தக் கிளையிலும் நம் இனத்துக்கு வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள். வானொலி வந்து ஒன்றரை நூற்றாண்டுகூட ஆகவில்லை.

நுண்ணுயிர்கள் பிற கிரகங்களில் இருக்கலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் வேறொரு விண்மீனைச் சுற்றும் கே2-18பி என்ற கிரகத்தில் உயிர் 'கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது' என்ற தொனியில் கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியல்ல. 2025-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வானியலாளர் நிக்கு மதுசூதன் குழு அறிவித்தது டைமெத்தில் சல்ஃபைடு போன்ற வாயுவின் சாத்தியமான அறிகுறியை மட்டுமே. அதே தரவுகளை ஆராய்ந்த மற்றவர்கள், ஆதாரம் போதாது என்றார்கள். நம் கடல்களில் அந்த வாயு முக்கியமாக மிதவை நுண்ணுயிர்களால் வருவது. நாளையே அது உறுதியானாலும், 'அவர்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று நீங்கள் வைத்த தலைப்பை அது தாங்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
மன்னார்குடி