திரைப்படச் சங்க ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு முடிவின்படி, இந்த ஆண்டு படத்தைப் போட்டுவிட்டுக் கலையாமல், கூட்டந்தோறும் ஒரு காட்சியை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். கதையைத் தள்ளி வைத்தோம். ஃபிரேமுக்குள் யார் எங்கே இருக்கிறார், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, கதவும் ஜன்னலும் எதைக் காட்டுகின்றன என்பதே பேச்சு.

அதிகம் பேசப்பட்டது 1941-இல் வந்த அமெரிக்கப் படமான 'சிட்டிசன் கேன்'. மகனை வேறொருவர் பொறுப்பில் விடும் பத்திரத்தில் தாய் கையெழுத்துப் போடுகிறாள். பின்னால், ஜன்னல் வழியே, பையன் பனியில் விளையாடுகிறான். ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் மேசையையும் தூரத்துப் பையனையும் ஒரே தெளிவில் வைத்திருக்கிறார். அதனால்தான் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறோம்: அவனைப் பற்றிய முடிவும், அதை அறியாத அவன் விளையாட்டும். "அப்பா மறுத்துப் பேசுகிறார், ஆனால் மேசையில் அவருக்கு இடமில்லை, தள்ளி நிற்கிறார்" என்று ஓர் உறுப்பினர் கவனித்துச் சொன்னதும் காட்சியை மறுபடி ஓட்டினோம். இந்த ஆண்டின் மிகச் சிறந்த கூட்டம் அதுதான் என்பது என் கருத்து.

அப்புறம் சத்யஜித் ராய் எடுத்த வங்காளப் படம், 1956-இன் 'அபராஜிதோ'. காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் செட் போட்டார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா மேலே வெள்ளைத் துணி கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பவைத்து, வானத்திலிருந்து இறங்கும் மென்மையான வெளிச்சத்தைக் கொண்டுவந்தார். மாசி வீதிகளில் முற்றம் வைத்த வீட்டில் வளர்ந்த மூத்த உறுப்பினர்கள், அது செட் என்பதை லேசில் நம்பவில்லை.

திருமலை நாயக்கர் மகாலுக்கும் போய் வந்தோம். ஒரே ஆளைக் கீழிருந்து நெருங்கி எடுத்தால் தூணுக்குச் சமமாக நிமிர்ந்து நிற்கிறார். தள்ளிப் போய் எடுத்தால் தூண்களுக்கு நடுவே தொலைந்துபோகிறார். முகபாவம் மாறவே இல்லை. கல்லூரி மாணவர்கள் எடுத்த படங்கள் பின்சுவரில் ஒட்டப்பட்டுள்ளன, அவசியம் பாருங்கள்.

நிறம் பற்றிய கூட்டம் மேலோட்டமாகவே போனது. சிவப்பு என்றால் கோபம் என்ற வாய்பாடு போதாது. கல்யாணக் கூடத்துச் சிவப்பு வேறு, ஆஸ்பத்திரி வாசல் சிவப்பு வேறு. பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பேச, அதை மறுபடி நடத்த வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே கட்டிவிட்டால் நல்லது.

வரும் ஆண்டு தமிழ்ப் படக் காட்சிகளை மட்டும் எடுத்துக்கொள்ளச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பாலு மகேந்திரா ஒளிப்பதிவு செய்த 'முள்ளும் மலரும்' (1978) முதலில் வரும். மற்றவற்றுக்கு, உங்களுக்குப் பிடித்த ஒரு காட்சியைச் சீட்டில் எழுதி என்னிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர், மதுரை