அப்பாயியின் கூடையை ஏன் கொடுத்தேன்

மஸ்கெலியா

அன்புள்ள மகளுக்கு,

அட்டனிலிருந்து உன் அத்தை உன்னிடம் தொலைபேசியில் சொன்னது உண்மைதான். என் தாய், உன் அப்பாயி, கொழுந்து பறித்த கூடையையும், மழைக் காலத்தில் அவர் தலையோடு போர்த்திக்கொண்டு மலைக்குப் போன கறுப்புக் கம்பளியையும் நான்தான் எடுத்துக்கொடுத்தேன். அவை இப்போது நம் தேயிலைத் தோட்டத்தின் பழைய பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போன அந்த அறையில், தேயிலைத் தூரில் செதுக்கிய ஓர் எலும்புக்கூட்டின் மேல் இருக்கின்றன. அப்பாயியை ஊரார் பார்த்துச் சிரிக்கும் பொம்மையாக்க அப்பாவுக்கு எப்படி மனம் வந்தது என்று நீ கேட்டிருந்தாய். கட்டாரில் தனியாக இருந்துகொண்டு இப்படி ஒரு செய்தியைக் கேட்டால் யாருக்கும் நெஞ்சு கொதிக்கத்தான் செய்யும். அதற்கு இரண்டு வரியில் பதில் அனுப்ப எனக்கு விருப்பமில்லை.

செய்தவனை உனக்குத் தெரியும். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவரின் இளைய மகன், பள்ளிக்கூடத்தில் உனக்குக் கீழ் வகுப்பில் படித்தவன், கொப்பியின் பின்பக்கமெல்லாம் பேய்ப் படம் வரைந்து வைத்திருந்தவன். கொழும்பில் பெயர்ப்பலகை எழுதும் கடையொன்றில் சில காலம் வேலை செய்தான். 2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் இங்கு வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்தக் கூட்டத்தில் அவனும் நடந்தான். கோப்பிக் காலத்தில் அந்தக் காட்டு வழியே வந்தவர்களில் எத்தனையோ பேர் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்த இடத்திலேயே விடப்பட்டார்கள் என்பதை அவன் பாடப் புத்தகத்தில் படித்திருந்தான். அந்த வழியைக் காலால் நடந்த பிறகு அது அவனை விடவில்லை. ஊருக்குத் திரும்பி வந்தவன், மறுநடுகைக்காகப் பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைத் தூர்களை விறகுக்காரர்களுக்கு முன்னால் போய்ப் பொறுக்க ஆரம்பித்தான்.

அந்தத் தூர்களில் ஒன்றை நீ கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். வளர விட்டால் தேயிலை மரமாகிவிடும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கவ்வாத்து வெட்டி வெட்டித்தான் அதை நம் இடுப்பளவில் நிறுத்தி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வெட்டுக்கும் மரம் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு வேறு பக்கம் கிளை விடுகிறது. பட்டையை உரித்து, வெடிக்காதபடி நிழலில் காயவைத்து, சுண்ணாம்பு பூசினால், அது முழங்கையும் விரல் மொளியும் தோள்பட்டையும் கொண்ட உடம்பாகவே தெரிகிறது. அவன் உளி வைக்கும் இடம் மிகக் குறைவு. பெரும்பாலான எலும்புகளைக் கவ்வாத்துக் கத்தியே செய்து வைத்திருக்கிறது.

மாசி மாதம் காமன் கூத்துக்குக் கம்பம் நட்ட அன்றே கண்காட்சியைத் திறந்தான். உள்ளே நுழைந்ததும் பிரட்டுக்களம், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக்கொடுக்கும் இடம். முழங்கால் உயர எலும்புக்கூடுகள் விடியற்காலையில் வரிசையாக நிற்கின்றன. தேநீர்க் கோப்பை பிடித்திருக்கிறது ஒன்று. கொட்டாவி விடுகிறது ஒன்று. கடைசியில் நிற்பது, தன் விலா எலும்புகளைக் கழற்றித் தராசுத் தட்டில் வைத்து, நிறை போதாமல் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்துவிடுமோ என்று கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறது. சற்றுத் தள்ளி, தேயிலைத் தூரில் மாசிக் கருவாடும் தேங்காயும் இருக்கிறதென்ற பேச்சை நம்பிக் கப்பலேறிய முதல் ஆள், இன்னமும் தூரைத் தோண்டிக்கொண்டிருக்கிறான். யன்னல் பக்கத்தில் ஒரு நீலத் தொட்டி. மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் கட்டியபோது மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரம் அதற்குள் இருக்கிறது. நீர் வற்றும் காலத்தில் வெளியே தலைகாட்டும் பழைய கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க்கடையை வைத்து, மீன்கள் சுற்றிவர எலும்புக்கூடுகள் வாங்கில் அமர்ந்து பத்திரிகை படிப்பதாகச் செய்திருக்கிறான். அந்த நகரத்தில் பிறந்த கிழவர் ஒருவர் அந்தத் தொட்டியருகே நின்று, எந்தக் கடை யாருடையது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடுத்தது எமன். குளவிக் கூடு கலைந்து, கதாயுதத்தைப் போட்டுவிட்டு, எருமைக்கு முன்னால் எமன் ஓடுகிறான். குளவி கொட்டிச் சாகிறவர்கள் இன்றும் நம் மலைகளில் இருக்கிறார்கள். கீழ்ப் பிரிவில் அப்படித் தாயை இழந்த பிள்ளை ஒருத்தி அதன் முன்னால் நெடுநேரம் நின்றாள். நான் பயந்தேன். அவள் திரும்பி, "எமனையும் கொட்டட்டும் சேர்" என்றாள்.

இனி அப்பாயியின் கூடைக்கு வருகிறேன். அவன் யாருடைய பொருளையும் கேட்காமல் எடுக்கவில்லை. வீடு வீடாகப் போய், இறந்தவருடைய ஒரு பொருளைக் கேட்டு, அதை என்ன செய்யப்போகிறான் என்பதையும் படம் வரைந்து காட்டினான். கொடுக்க மாட்டோம் என்றவர்களை அவன் மறுபடி கேட்கவில்லை. நம் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தான். நான் யோசித்துவிட்டுச் சம்மதித்தேன். காரணத்தை நீ நேரில் பார்த்தால் சொல்லாமலே தெரிந்துகொள்வாய். அந்த மண்டையோட்டின் உச்சியில், குறுக்காக ஒரு பள்ளத்தை அவன் இழைத்திருக்கிறான். கூடைக் கயிறு அழுத்திய தடம் அது. அப்பாயி குளித்துவிட்டுத் தலை உலர்த்தும்போது அந்தத் தடத்தை நீயும் தொட்டுப் பார்த்திருக்கிறாய். நான் சொல்லாமலே அது அவனுக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் அவன் ஆத்தாவுக்கும் அது இருந்தது. திறப்பு நாளில் வந்த பெண்கள் அதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டுத் தங்கள் உச்சந்தலையைத் தடவிப் பார்த்தார்கள். பிறகு பல்லைப் பார்த்தார்கள். பல்லெல்லாம் வெற்றிலைச் சிவப்பு, கடைவாயில் ஒரு பாக்கு. அந்த இடத்தில்தான் சிரிப்பு வந்தது. அது அப்பாயியை அறிந்தவர்களின் சிரிப்பு. கணக்கப்பிள்ளை முதுகைத் திருப்பியதும் அவர் எச்சில் துப்பிய கதையை ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி அதற்கு மேலே ஒன்று சொல்ல, என் தாயைப் பற்றி நான் அறியாத எத்தனையோ செய்திகள் அந்த அறையில் எனக்குக் கிடைத்தன. கருமாதி வீட்டில்கூட அவரைப் பற்றி இவ்வளவு பேச்சு இருக்கவில்லை.

செத்தவர்களை வைத்து விளையாடினால் வீட்டுக்கு ஆகாது என்று உன் அத்தை சொல்கிறாள். அவள் என் தங்கை, அவளுடைய அச்சத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நம் தமிழுக்கு இது புதிதில்லை. பரணி பாடிய புலவர்கள், போர்க்களத்தில் பேய்களைக் கூழ் காய்ச்சவும் பந்தி வைக்கவும் ருசி பார்க்கவும் விட்டார்கள். பத்தாம் வகுப்பில் உங்களைக் கொழும்பு நூதனசாலைக்கு அழைத்துப்போனபோது, பொலன்னறுவையில் கண்டெடுத்த காரைக்கால் அம்மையாரின் வெண்கலச் சிலையை நீ பார்த்தாய். விலா எலும்பு தெரிய, முலை வற்றி, பேயுருவாக உட்கார்ந்து, மகிழ்ச்சியோடு தாளம் தட்டுகிறார். அந்த உருவத்தை அவரே இறைவனிடம் கேட்டு வாங்கினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. சுடுகாட்டில் ஆடுகிறவனைக் கும்பிடும் நாம், காமன் கூத்தில் எமன் வேடம் கட்டி வருகிறவனைக் கண்டு அலறி, உடனே அவன் பின்னாலேயே ஓடும் பிள்ளைகளாக இருந்தவர்கள். நகரத்துச் சிங்களப் பாடசாலையிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர், தங்கள் சன்னி ஆட்டத்தில் 18 நோய்களும் பேய் முகமூடி போட்டு வந்து பகடி பேசுவதைச் சொல்லி, எமனைப் படம் எடுத்துக்கொண்டு போனார். நோயையும் சாவையும் நேருக்கு நேர் கூப்பிட்டுக் கேலி செய்வது இந்தத் தீவில் இருதரப்புக்கும் பழகிய காரியம்.

எல்லாம் எனக்குச் சம்மதம் என்று நினைத்துவிடாதே. மண்ணுக்குள்ளிருந்து மண்டையோடுகள் எட்டிப் பார்க்கும் ஒரு லயத்தை, தோட்டத்து வரிசை வீட்டை, அவன் செய்திருந்தான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் சரிந்த மலைதான் அது என்பது பார்த்ததும் தெரிந்தது. அந்த மண்ணிலிருந்து பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை. நம்முடைய இறந்தவர்களோடு நாம் சிரிக்கலாம், அடுத்தவருடைய துக்கத்தை எடுத்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை என்று அவனிடம் சொன்னேன். அவன் வாதாடினான். சிரிப்பதற்காக அதைச் செய்யவில்லை என்றான். அதையும் நான் நம்புகிறேன். இருந்தாலும் மறுநாள் போனபோது அது அங்கே இல்லை, அறைக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தான்.

இந்தத் தோட்டத்தில் இறந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறையில்லை, பெயர் பொறித்த கல்லில்லை, உனக்குத் தெரியும். புதைத்த இடத்தின் மேலேயே தேயிலை வந்துவிட்டது. என் தாத்தாவைப் புதைத்த நிரையை என்னால் காட்ட முடியாது. பேரேட்டில் அவர்களுக்கு ஓர் இலக்கம் இருந்தது, அவ்வளவுதான். இந்தப் பையன் ஒவ்வோர் எலும்புக்கூட்டின் காலடியிலும் தகரத் துண்டில் முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறான். அப்பாயியின் முழுப் பெயர் பொது இடத்தில் எழுதப்பட்டதை நான் பார்த்தது அங்கேதான். கூடையைக் கொடுத்ததற்கு எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

கண்டியில் ஒரு மண்டபத்தில் வைக்க அவனை அழைத்திருக்கிறார்கள். கூடையைக் கொண்டுபோகலாமா என்று கேட்டான். அது என் தாயுடையது என்றாலும், உன்னைத் தூக்கிச் சுமந்தவரும் அவர்தான், ஆகவே மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று நீ சொன்னால் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவேன். அதற்கு முன், உன் தம்பி இன்று அனுப்பும் காணொளியை முழுவதும் பார். பல்லை அவன் அருகில் எடுத்திருக்கிறான், உச்சித் தடம் சரியாக விழவில்லை, நாளை வெளிச்சத்தில் மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். சம்பளம் நேரத்துக்கு வருகிறதா, இருமல் விட்டுவிட்டதா என்பதையும் பதிலில் எழுது.

அன்புடன்,
அப்பா