கடன் முகாமில் பாக்கி வசூலுக்கும் ஒரு மேசை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் நடக்கும் தொழில் கடன் முகாம்கள் பற்றித் தங்கள் நாளிதழில் செய்திகள் வருகின்றன. தொழில் தொடங்க அரசு மானியத்துடன் கடன் தரும் பிஎம்இஜிபி, நீட்ஸ், அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் எல்லாமே நல்ல திட்டங்கள்தான். கட்டடம் கட்டவும் மெஷின் வாங்கவும் கை கொடுக்கும். ஆனால் ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் சிறு யூனிட்டுகளை முடக்குவது பெரும்பாலும் மெஷின் பற்றாக்குறை அல்ல, தைத்துக் கொடுத்த சரக்குக்கு வராத பணம். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஃபேப்ரிகேஷன் செய்பவர்களுக்கும் குடியாத்தத்தில் கைலி நெய்து அனுப்புபவர்களுக்கும் இதே பாடுதான்.

ஒரு உதாரணக் கணக்கு. கம்பெனிக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும், 12 மெஷின் ஓடும் ஜாப் ஒர்க் யூனிட், மாதப் பில் 4 லட்சம் ரூபாய். தோலும் லைனிங்கும் கம்பெனி கொடுத்துவிடும். கூலி 2,40,000, நூல், ஊசி, பசை 30,000, வாடகையும் கரண்ட்டும் 40,000. ஆகக் கைச்செலவு 3,10,000, மிச்சம் 90,000. பணம் 30 நாளில் வந்தால் முடங்குவது 3.1 லட்சம். 90 நாள் இழுத்தால் 9.3 லட்சம். இடையில் நிற்கும் 6.2 லட்சத்தை நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வெளியில் புரட்டினால் மாதம் 18,600 ரூபாய் போகும். லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு அது. இந்த நிலையில் ஆர்டர் இரட்டிப்பானால் முடங்கும் தொகை 18.6 லட்சம். ஆர்டர் பிடித்தவருக்கு மாலை போடுகிறார்கள். சனிக்கிழமைக் கூலிக்கு அவர் எங்கே போவார் என்று யாரும் கேட்பதில்லை.

ஜிஎஸ்டி தனிச் சுமை. பணம் வந்தாலும் வராவிட்டாலும் பில்லில் போட்ட வரியை மறுமாதமே கட்டியாக வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி. ஜாப் ஒர்க் என்பது சேவை என்பதால் பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம். சரக்கு விற்பவர்களுக்கான 40 லட்சத்தைத் தமக்கும் பொருந்தும் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் நோட்டீஸ் வந்த பிறகே விழிக்கிறார்கள்.

ஆகவே ரேட் பேசும்போதே தவணையையும் பேச வேண்டும். ஜோடிக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கப் பத்து முறை நடப்பவர்கள், பணம் எத்தனை நாளில் என்று ஒருமுறைகூடக் கேட்பதில்லை. மேலே சொன்ன கணக்கில் 18,600 ரூபாய் என்பது பில் தொகையில் 4.65 சதவீதம். 30 நாளில் பணம் தருவதானால் 2 சதவீதம் தள்ளுபடி என்று யூனிட்டே முன்வந்தாலும் மாதம் 8,000 ரூபாய்தான் குறையும். பத்தாயிரத்துக்கு மேல் மிச்சம். அதற்கும் மசியாத கம்பெனியிடம் கூலிப் பங்கையாவது வாராவாரம் கேட்டு வாங்கலாம்.

சட்டம் சிறுதொழில் பக்கம்தான் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், 15-ஆம் பிரிவு: எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. பர்ச்சேஸ் ஆர்டரின் அடியில் பொடி எழுத்தில் ‘90 நாள்’ என்று அச்சிட்டிருந்தால் அது செல்லாது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. வங்கி விகிதம் 6 என்றால் வட்டி 18.

இந்தப் பாதுகாப்புக்கு உத்யம் என்னும் மத்திய அரசின் சிறுதொழில் பதிவு வேண்டும். அது முற்றிலும் இலவசம். ஆதாரும் பான் எண்ணும், ஜிஎஸ்டி பதிவு கட்டாயமானவர்களுக்கு அந்த எண்ணும் போதும். ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும் இடைத்தரகர் தேவையே இல்லை. இரண்டு விஷயங்களில்தான் கோட்டை விடுகிறார்கள். ஒன்று, பாக்கி நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்வது. ஆர்டர் எடுப்பதற்கு முன்பே பதிவு இருந்தால்தான் வழக்கு நிற்கும் என்று எண்ணிக்கொள்வதே நல்லது. இரண்டு, தொழில் குறியீடு. காலணி உற்பத்திக்கு 1520-இல் தொடங்கும் எண் வர வேண்டும். அவசரத்தில் வியாபாரம் என்று பதிந்துவிட்டால் முன்னுரிமைக் கடன் கிடைக்கும். தாமதப் பணத்துக்கான இந்த உரிமை கிடைக்காது. சான்றிதழை எடுத்து இன்றே பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, சரக்கை ஒப்படைத்ததற்குச் சாட்சியான டெலிவரி சலான். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி பால்பாயிண்ட்டால் ஒரு கிறுக்கல் போட்டுக் கார்பன் காப்பியைக் கிழித்துத் தருவார். தேதி இருக்காது, சீல் இருக்காது, எத்தனை ஜோடி என்பதும் தெளியாது. 15 நாளும் 45 நாளும் எண்ணத் தொடங்குவது அந்தத் தாளிலிருந்துதான். இன்வர்ட் நம்பர் (கம்பெனியின் வரவுப் பதிவு எண்), தேதி, சீல் மூன்றும் இல்லாமல் வண்டி திரும்பக் கூடாது. சரக்கு கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள் என்கிறது சட்டம். நாற்பதாம் நாள் போனில் ‘நூறு ஜோடி ரிஜெக்ஷன், டெபிட் போட்டுவிட்டோம்’ என்று பில்லில் கழிக்கப் பார்த்தால் வாய்மூடி ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அன்றே மெயிலில் மறுப்பு எழுத வேண்டும்.

ரிஜெக்ஷன் தகராறின் வேர் பல நேரம் வெட்டிய தோல் யூனிட்டுக்கு வரும்போதே இருக்கிறது. தையல் பிட்ச் (தையல்களின் இடைவெளி) மாறுவது, ஊசி வெட்டு, ஓரத்தை அளவுக்கு மீறி ஸ்கைவிங் செய்து மெலிய விடுவது எல்லாம் யூனிட்டின் தவறு. இடது வலதுக்கு நிறம் சேராதது, மேல்தோல் தளர்ந்து சுருக்கம் விழுவது தோலின் தவறு. வெட்டிய பீஸ்கள் வந்து இறங்கியதும் கட்டுக் கட்டாக எண்ணி, பழுதுள்ளதில் சில்வர் பேனாவால் குறியிட்டு, குறைந்த எண்ணிக்கையைக் கம்பெனியின் சலானிலேயே எழுதி, கொண்டுவந்தவரின் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும். அரை மணி நேர வேலை. அதைச் செய்யாத யூனிட்டின் தலையில் தோல் விலையும் சேர்ந்து டெபிட்டாக விழும்.

பில் எண் சொல்லாமல் ‘ஆன் அக்கவுண்ட்’ என்று ஐம்பதாயிரம், எழுபதாயிரமாக வரும் பணத்தை எந்தப் பில்லுக்கு என்று அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வரவு குறைந்தால் அது டிடிஎஸ் என்னும் வருமான வரிப் பிடித்தமா என்று, பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் பட்டியலில் பார்க்க வேண்டும். தனிநபர் யூனிட்டுக்கு ஜாப் ஒர்க்கில் 1 சதவீதம் பிடிப்பார்கள். மார்ச் 31 அன்று நிலுவை உறுதிக் கடிதம் கேட்டுக் கையெழுத்து வாங்குவது அவசியம். பாக்கிக்கு வழக்குத் தொடுக்கும் காலக்கெடு 3 ஆண்டு. கெடு முடிவதற்குள் எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டால் அது மீண்டும் முதலிலிருந்து ஓடும்.

‘கேஸ் போட்டால் அடுத்த ஆர்டர் வராதே’ என்பார்கள். நியாயமான பயம். அதனால்தான் புகாரைக் கடைசியில் வைத்துக்கொண்டு, வருமான வரியை முன்னால் வைக்கச் சொல்கிறோம். 2023-இல் 43பி(எச்) என்ற எண்ணில் கொண்டுவந்த வருமான வரி விதிப்படி, குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் கெடுவுக்குள் தராமல் மார்ச் 31-ஐத் தாண்டிய பாக்கியை, சரக்கு வாங்கிய கம்பெனி அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது, வரி கூடும். 180 நாள் தாண்டினால் அந்தப் பில்லுக்குக் கம்பெனி கழித்துக்கொண்ட ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியையும் திருப்பிக் கட்ட வேண்டும். உத்யம் எண்ணுடன் பில் பட்டியலை ஜனவரியிலேயே பணிவாக ஒரு கடிதமாக அனுப்புங்கள். பர்ச்சேஸ் மேனேஜருக்கு அனுப்பிப் பயனில்லை. அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அங்கே அதை ஆடிட்டர் படிப்பார். இதற்குப் பதிலாக ‘உத்யமை ரத்து செய்தால்தான் ஆர்டர்’ என்று கேட்கும் கம்பெனியிடம் சரக்கு மேலும் மாட்டிக்கொள்வதற்குள் விலகுவதே மேல். ஒரே கம்பெனியிடம் பாதிக்கு மேல் வேலையை வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்தத் துணிவு வராது.

எதற்கும் அசையாதவர்களுக்கு, தாமதப் பணத்துக்குப் புகார் தரும் அரசின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சமாதான் இணையதளம். அங்கே பதிந்தால் மாநில அரசு அமைத்த வசதி மன்றம் முதலில் சமரசம் பேசும், பிறகு நடுவராகத் தீர்ப்புச் சொல்லும். 90 நாள் என்பது சட்டம், நடப்பில் கூடுதலாகும். ஆனால் தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகும் கம்பெனி முதலில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும். பலரை மேசைக்கு இழுத்து வருவது இந்த ஒரு விதிதான்.

வங்கியைப் பற்றியும் ஒரு சொல். ஆண்டு விற்றுமுதல் 48 லட்சம் உள்ள யூனிட், அதில் 20 சதவீதமான 9.6 லட்சத்தை அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனக் கடனாகக் கேட்கலாம். குறைந்தது 10 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் 90 நாளைத் தாண்டிய பாக்கியை வங்கிகள் பொதுவாகக் கணக்கில் எடுப்பதில்லை. வசூல் பிசகினால் கடன் லிமிட் இருந்தும் பணம் எடுக்க முடியாது.

எனவே கடன் முகாம் நடத்தும் அதிகாரிகளுக்குத் தங்கள் நாளிதழ் வழியாக எங்கள் வேண்டுகோள்: உத்யம் குறியீட்டைத் திருத்தித் தரவும், சமாதான் மனுவைப் பதிந்து தரவும் ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு ஊழியர் வேண்டும். முகாம் அறிவிப்பை அச்சிடும்போது ‘உத்யம் சான்றிதழ், பர்ச்சேஸ் ஆர்டர், சீல் வைத்த சலான், பாக்கிப் பில்கள் ஆகியவற்றைக் கொண்டுவரவும்’ என்ற வரியையும் சேர்த்து வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிறுதொழில் கணக்கு எழுதுவோர் சிலர்,
குடியாத்தம், பேரணாம்பட்டு