கண்காட்சி செய்தில அந்த ஒரு பேரையும் போடுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க ஞாயிறு இணைப்புல பழைய உடைகள் கண்காட்சி பத்தி முக்கால் பக்கம் வந்திருந்துச்சு. யாரு திறந்து வச்சாங்க, எந்த பிராண்டு ஸ்பான்சர், யாரு யாரு செல்ஃபி எடுத்தாங்க, எல்லாம் இருக்கு, ஆனா போட்டோல பின்னாடி தெரியுற அந்த அரண்மனை மண்டப செட்ட யாரு பண்ணாங்கன்னு ஒரு வரி இல்ல. "பிரமாண்ட அரங்கு"ன்னு ரெண்டு இடத்துல எழுதியிருக்கீங்க, ஏதோ தானா முளைச்ச மாதிரி.

நான் சினிமால ஆர்ட் டிபார்ட்மென்ட்ல அசிஸ்டென்டா இருந்தவன், இப்போ கண்காட்சி, ஷோரூம், பிராண்டு லாஞ்ச்னு வேலை பாக்குறேன். அந்த உடைக் கண்காட்சி என் வேலை இல்ல, அத முதல்லயே சொல்லிடுறேன்.

நாடகக்காரங்களும் சினிமாக்காரங்களும் கண்காட்சிக்கு வர்றது இப்போ வந்த ட்ரெண்டுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. நார்மன் பெல் கெடஸ்னு ஒருத்தர், அமெரிக்காவுல நாடக மேடை போட்டுட்டு இருந்தவர், 1920கள்லயே துணிக்கடை ஷோகேஸ ஒரு குட்டி மேடை மாதிரி லைட் போட்டு அமைச்சாரு. அப்புறம் 1939 நியூயார்க் உலகக் கண்காட்சில ஜெனரல் மோட்டார்ஸ் கார் கம்பெனிக்காக ஃபியூச்சராமான்னு ஒரு அரங்கு போட்டாரு. ஜனங்கள நகர்ற நாற்காலில உக்கார வச்சு, காதோரம் குரல் ஓட, கீழ எதிர்கால ஊர மாடலா காட்டிட்டு வந்து, கடைசில ஒரு நாற்சந்திய காட்டி, இறங்கி வெளிய வந்தா அதே நாற்சந்தி முழு சைஸுல நிக்கும்! கார் கம்பெனி மூளைக்கு அது தோணாது சார், எந்த இடத்துல படுதாவ தூக்கணும்னு தெரிஞ்சவனுக்குத்தான் தோணும். இன்னைக்கும் பல பேர் அத ஜெனரல் மோட்டார்ஸ் ஃபியூச்சராமான்னுதான் சொல்றாங்க.

இப்போவும் இது நடக்குது. கிறிஸ்டோபர் நோலன் படங்களுக்கு செட் போட்ட நேதன் க்ரௌலிதான் 2015ல நியூயார்க் மெட் மியூசியத்துல நடந்த சீனா உடைக் கண்காட்சிய டிசைன் பண்ணாரு, 8 லட்சம் பேருக்கு மேல பாத்தாங்க. துபாய் எக்ஸ்போ 2020 உலகக் கண்காட்சில பிரிட்டன் நாட்டு அரங்க டிசைன் பண்ணது எஸ் டெவ்லின், அவங்களும் மேடைலேர்ந்து வந்தவங்கதான்.

செட்டு போட்டவன் கண்காட்சி போடுறதுல என்ன பெரிசுன்னு கேப்பாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன், முதல் வேலைலயே அடி வாங்கினேன். சினிமா செட்டுக்கு கேமரா எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் மட்டும்தான் உண்டு, பின்னாடி போனா வெறும் ரீப்பர் சட்டமும் ஆணியும். ரெண்டு நாள் ஷூட்டிங் தாங்கினா போதும், பிரிச்சு அடுத்த படத்துக்கு பிளைவுட் எடுத்துக்கலாம். கண்காட்சில கூட்டம் எல்லாப் பக்கமும் வரும், தூண தட்டிப் பாக்கும், குழந்தைங்க அதுல ஏறும், தெர்மோகோல்னா மத்தியானத்துக்குள்ள விரல் விட்டு நோண்டியிருப்பாங்க. வீல்சேர் திரும்ப இடம் விடணும், தீப்பிடிச்சா வெளிய ஓட வழி மறையக்கூடாது.

அதுக்கு மேல மியூசியம் ஆளுங்க சொன்னதுதான் எனக்கு பெரிய பாடம். பழைய துணி மேல வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்த அளக்குற அலகு) தாண்டக்கூடாதாம்! செட்டுல லைட்ட வாரி இறைச்சே பழகின எங்களுக்கு அது கிட்டத்தட்ட இருட்டு. அதுலயே ஜரிகை மின்னணும்னா சுத்தி இருக்குற சுவர இன்னும் இருட்டாக்கணும், வர்றவங்க கண்ணு அந்த இருட்டுக்குப் பழகுறதுக்காக முன்னாடியே ஒரு நடைபாதை வேணும், அதாவது உள்ள வர்ற வழியே லைட்டிங்ல ஒரு பாகம். மூடின கண்ணாடிப் பெட்டிக்குள்ள பிளைவுட் வைக்காதேன்னாங்க, மரத்துலேர்ந்து கசியுற ஆசிட் ஆவி உலோகத்த அரிக்கும்னு. பெயின்ட் காய்ஞ்ச மறுநாளே பொருள வைக்கவும் விட மாட்டாங்க. நான் சினிமால ராத்திரி அடிச்ச பெயின்ட் மேல காலைல ஹீரோவயே சாய வச்சவன்.

பிராண்டு வேலைல தலைவலி வேற மாதிரி. லோகோ இன்னும் பெருசா, இன்னும் பெருசான்னு கேட்டுட்டே இருப்பாங்க, கதை மெதுவா போஸ்டர் ஆயிடும். சில பேர்கிட்ட போராடி ஜெயிச்சிருக்கேன், பல பேர்கிட்ட தோத்திருக்கேன்.

சினிமால சின்ன வேலைக்கும் டைட்டில்ல பேர் ஓடும், கார்பென்டர், மோல்டர், பெயின்டர் வரைக்கும் சில படத்துல போடுறாங்க. நான் வேலை பாத்த கண்காட்சில எங்கயும் இல்ல. ஒரு தடவ வெளியேறுற வாசல் பக்கம் ஒரு சின்ன போர்டு வைக்கலாமான்னு கேட்டதுக்கு, அந்தச் சுவர் ஸ்பான்சர் லோகோவுக்குன்னாங்க. எங்க டீம்ல ஒரு பெயின்டர் அண்ணன், பிளைவுட் மேல தேக்கு மர ரேகைய அப்படியே கொண்டு வருவாரு. அவரு பொண்ண கூட்டிட்டு வந்து காட்டினப்போ அது "இது நிஜ மரம், நீ எங்க பண்ண"ன்னு சொல்லிடுச்சு, காட்டுறதுக்கு அவருகிட்ட ஒரு பேப்பர் கட்டிங்கும் இல்ல.

அடுத்த தடவ செய்தி போடும்போது உங்க நிருபர் ஏற்பாட்டாளர்கிட்ட ஒரு கேள்வி சேத்து கேக்கட்டும், அரங்கு யாரு பண்ணாங்கன்னு. போட்டோவுக்குக் கீழ ஒரு வரி போதும் சார்.

இப்படிக்கு,
ஒரு செட் அசிஸ்டென்ட்