கோவாப் பாத்திக்கு அடுப்புச் சாம்பல்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள மகளுக்கு,

முட்டைக்கோவாப் பாத்திக்கு அடுப்புச் சாம்பல் போடலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போடு. இங்கே நான் யோசித்து யோசித்துப் போடுவதை ஹட்டனில் நீ துணிந்து போடலாம். நம் வளவு கடற்கரை மணல். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலே கேத்தலில் வெள்ளைப் படை பிடிக்கும். அதற்கு மேல் சுண்ணாம்புக் குணம் எதற்கு? வாழையடிக்குக் கொஞ்சம், அவ்வளவுதான். உன் பக்கம் தேயிலை மண், புளிப்பு. சாம்பலில் பெரும்பங்கு சுண்ணாம்புச் சத்து. அது புளிப்பை அடக்கும். புளிப்புக் குறைந்தால் கோவா வேர் வீங்கி முடிச்சுப் போடும் நோயும் குறையும்.

உருளைக்கிழங்குப் பாத்திக்கு மட்டும் வேண்டாம், தோலில் சொறி பிடிக்கும். வேலியோரத் தேயிலைச் செடிக்கும் வேண்டாம். அதற்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும்.

பத்தடிக்குப் பத்தடி நிலத்துக்கு ஒரு கிலோ, வருடத்துக்கு ஒருமுறை. கன்று நட இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே தூவிக் கொத்திவிடு. ஒரே இடத்தில் குவித்தால் உப்பேறி வேர் கருகும். யூரியாவோடு சேர்க்கவே கூடாது. சேர்த்தால் மூக்கில் குத்துகிற ஒரு வாசம் வரும். காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து காற்றில் போகிறது என்று அர்த்தம். சாம்பலிலோ தழைச்சத்தே கிடையாது, விறகு எரியும்போதே போய்விடும். அதற்கு மாட்டெரு தனியாகப் போடத்தான் வேண்டும்.

2021இல் இரசாயனப் பசளையைத் தடை செய்தபோது ஆளாளுக்குச் சாம்பலைச் சஞ்சீவி மாதிரிப் பேசினார்கள். சாம்பலை மட்டும் நம்பி எந்தக் கத்தரியும் காய்க்காது. அடுத்த வருடம் காஸ் தட்டுப்பாடு வந்து விறகடுப்புக்குத் திரும்பினோம். அம்மா இன்னும் அதை விடவில்லை. தேங்காய்ப் பொச்சும் சிரட்டையும் எரித்த சாம்பலைப் புறம்பாக எடுத்து வைக்கிறா. பொட்டாசியம் அதில்தான் கூட, வாழைக்கு அதுதான் போகிறது.

சாம்பலை மழையில் விடாதே. நனைந்தால் பொட்டாசியம் கரைந்து ஓடிவிடும். மூடியுள்ள தகர வாளியில் வை, பிளாஸ்டிக் வாளி ஆகாது. மேலே ஆறிப்போனது மாதிரிக் கிடக்கும். மறுநாள் குச்சியால் கிண்டினாலும் உள்ளே தணல் சிவந்திருக்கும்.

பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் எரித்த சாம்பல் தோட்டத்துப் பக்கமே வரக்கூடாது. நீ இருக்கிற வீட்டு அடுப்பில் என்ன விறகு எரிக்கிறார்கள் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா