நவீன ஓவியப் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். நவீன ஓவியர் கசிமிர் மாலெவிச் 1912ஆம் ஆண்டையொட்டி வரைந்த உழவர் ஓவியங்களைப் பற்றிப் பழைய பதிப்பில் இருந்த பத்தியைத் திருத்திய பதிப்பில் ஏன் நீக்கினீர்கள்? ஆம்ஸ்டர்டாம் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் உள்ள ‘ரை அறுவடை’யும் ‘மரம்வெட்டி’யும் தெளிவாகவே அச்சாகியுள்ளன, ஆனால் அவற்றின் கீழே உருளை, கூம்பு, உலோகப் பளபளப்பு என்பவற்றைத் தவிர ஒரு சொல்லும் இல்லை. உழவர் உடல்களாக வரையப்பட்ட அந்த உருளைகள் என்ன வேலை செய்கின்றன என்பதையும் எழுதுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

‘ரை அறுவடை’யில் வளைந்திருக்கும் முதுகுகளைப் பாருங்கள். அந்நாளைய கிராமங்களில் ரை என்ற தானியத்தின் கதிரைப் பெரும்பாலும் பெண்களே அறுத்தார்கள். இடக்கையில் தாளைச் சேர்த்துப் பிடித்து, வலக்கை அரிவாளால் அறுத்து, அந்தத் தாளையே பிரியாக முறுக்கிக் கட்டுக் கட்டும் வேலையில் நாள் முழுவதும் இடுப்பு நிமிர வழியில்லை; கதிர் உதிர்வதற்குள், மழை வருவதற்குள் முடித்தாக வேண்டியிருந்ததால் ஓய்வுக்கும் இடமில்லை. கியேவில் பிறந்து, சர்க்கரை ஆலையில் பணிபுரிந்த தந்தையோடு உக்ரைனியச் சிற்றூர்களில் வளர்ந்த மாலெவிச், உழவர் வாழ்வை அருகிலிருந்து அறிந்தவர். அவர் வரைந்த முதுகின் வளைவை வெறும் வடிவச் சோதனை என்று மாணவருக்குச் சொல்வது பாதி உண்மைதான். உழைப்பவரை விட்டுவிட்ட பாதி.

1920களின் இறுதியில் அவர் மீண்டும் வரைந்த, முகமற்ற உழவர்களையும் ‘உருவ ஓவியத்துக்குத் திரும்புதல்’ என்ற ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். சோவியத் அரசின் கூட்டுப்பண்ணைகளுக்குள் உழவர்கள் வலிந்து தள்ளப்பட்ட காலம் அது. 1932-33இல் தானியம் பறிக்கப்பட்ட உக்ரைனில் பல லட்சம் பேர் பட்டினியால் மாண்டார்கள். அந்த வெற்று முகங்களுக்கு ஒரே பொருள்தான் உண்டென்று நான் வாதிடவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அவற்றை மாணவர் முன் வைப்பது எப்படிச் சரியாகும்? கலை வரலாறு எழுதுவோர் பலர் வயலைத் தாண்டி வண்ணத்துக்கு விரைவது புதிதன்று. பாடநூலும் அதே வழியில் போவதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வடிவ ஆய்வு வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அதன் அருகிலேயே, அறுத்தவர் யார், சுமந்தவர் யார், வெட்டியவர் யார் என்ற பத்தியையும் மறுபடி சேர்க்கும்படி பணிவுடன் கேட்கிறேன். பக்கம் போதாதென்றால் உலோகப் பளபளப்பைப் பற்றி இருமுறை வரும் விளக்கத்தில் ஒன்றைக் குறைக்கலாம். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகுமுன் உங்கள் முடிவைத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஓவிய வரலாறு கற்பிக்கும் ஆசிரியன்